ஒப்புகை அட்டையில் ஒரு கைநாட்டு

அத்தியாயம் 11

ஐந்து மாதமாகக் காத்திருந்த தபால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. வீட்டுக்கு வரவில்லை, அலுவலகத்துக்கு வந்தது.

வீட்டு விலாசம் கொடுத்தால் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் கதவைப் பார்த்துவிட்டுத் தபால்காரர் திரும்பிப் போய்விடுவார் என்று, ஜெயப்பிரியாதான் விண்ணப்பத்தில் அம்மா நாகஜோதி வேலை பார்க்கும் இடத்தைப் போட்டிருந்தாள். ராமேஸ்வரம் நகராட்சி, பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு. நாகஜோதி அந்த நாற்காலியில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. யார் யாருக்கோ இறந்த தேதியை எழுதிக் கொடுத்தவளுக்கு, தன்னைப் பெற்ற அய்யா இருக்கிறாரா இல்லையா என்பது மட்டும் ஐம்பத்து நான்கு வயது வரை தெரியாது.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாகஜோதியின் அய்யா மருதுபாண்டி பட்டாளத்துக்காரர். அவள் வயிற்றில் இருக்கும்போதே பட்டாளத்துக்குத் திரும்பிப் போனவர், எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டைக்குப் பிறகும் ஊருக்கு வரவில்லை. பம்பாயில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று யாரோ பார்த்த மாதிரி சொன்னார்கள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அவருடைய மனைவி சோணையம்மாள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுபத்து நான்கு வயதிலும் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக, கமுதிப் பக்கத்துக் கிராமத்தில் ஒற்றை ஆளாக இருக்கிறாள். ராமேஸ்வரத்தில் மகளோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

போன புரட்டாசியில், ஓசூரில் வேலை பார்க்கும் பேத்தி ஜெயப்பிரியா அம்மாச்சியைப் பார்க்கப் போனாள். தகரப் பெட்டியில் ஒரு பழைய போட்டோ கிடைத்தது. அதன் பின்னால் மருதுபாண்டியின் பட்டாள நம்பர் இருந்தது. அதை வைத்து ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். அதற்குத்தான் இப்போது பதில் வந்திருக்கிறது.

தடித்த காக்கி உறை. நாகஜோதி கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தாள். எதிரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். யாத்திரை வந்த இடத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். இறப்புச் சான்றிதழில் மனைவியின் தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. அதைத் திருத்தி, சரிபார்க்கச் சொல்லி, முத்திரை குத்திக் கொடுத்தாள். அவர் சான்றிதழை இரண்டாக மடிக்கப் போனார். மடிக்க மனம் வராமல் அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் உறையை எடுத்துக்கொண்டு பின்னால் பழைய பதிவேடுகள் அடுக்கியிருக்கும் அறைக்குப் போனாள்.

முதல் தாளிலேயே இருந்தது. இங்கிலீஷில், தட்டச்சில், இரண்டே வரி. சிப்பாய் மருதுபாண்டி, 1971 டிசம்பர் 9 அன்று, கிழக்கு எல்லையில் நடந்த சண்டையில் வீரமரணம்.

நாகஜோதி அந்தத் தேதியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் பிறந்தது அந்த வருஷம் ஜூன் மாதம். ஆறு மாதக் குழந்தையாக அவள் குப்புற விழுந்து தவழ்ந்துகொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். பம்பாய்க்கெல்லாம் போகவில்லை. எங்கேயும் ஓடவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அவளை, ‘ஓடிப்போனவன் மக’ என்றுதான் எட்டாம் வகுப்பு வரை கூப்பிட்டாள். கல்யாணத்தில் அய்யா நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா முறையில் ஒருவர் நின்றார். தாரை வார்க்கும்போது அவர் கொட்டாவி விட்டது நாகஜோதிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு மணவறையில் உட்கார்ந்துகொண்டே மனதுக்குள் அவள் அய்யாவைத் திட்டினாள். எங்கே இருந்தாலும் நல்லா இருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. புருஷன் காளீஸ்வரன் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவர் மாரடைப்பில் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. அவருடைய சான்றிதழையும் இதே அலுவலகத்தில் அவள்தான் எழுதினாள். மகளுக்குப் போன் போட்டாள். ஜெயப்பிரியா மீட்டிங்கில் இருப்பதாகவும் அப்புறம் கூப்பிடுவதாகவும் கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

வேறு எந்தப் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை. போனில் இருநூறு நம்பர் இருந்தது.

அடுத்த தாள்களைப் புரட்டினாள். மூன்றாவது தாளில் அவள் கை நின்றது.

ஒரு பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை, இரண்டு பக்கமும் நகல் எடுக்கப்பட்டிருந்தது. மருதுபாண்டியின் மரணத்தை அறிவித்து வீட்டுக்கு அனுப்பிய தபால் அது. பெற்றுக்கொண்டவர் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை. பக்கத்தில் தபால்காரர் எழுதியிருந்தார்: சோணையம்மாள், இடது கைப் பெருவிரல். தேதி, 1971 டிசம்பர் 27.

அதன் பின்னாலேயே ஒரு இன்லேண்ட் கடிதம். இது தமிழில் இருந்தது. வலது பக்கம் சாய்ந்த, அழகான கையெழுத்து.

‘ஐயா, தாங்கள் அனுப்பிய தபால் கிடைத்தது. அதில் கண்டவர் என் கணவர் அல்ல. என் கணவர் உயிரோடு இருக்கிறார். எனக்குப் பென்ஷன் வேண்டாம். இனிமேல் இந்த விலாசத்துக்கு ஆளோ தபாலோ அனுப்ப வேண்டாம்.’

கீழே மறுபடியும் அதே ரேகை.

ஆத்தாவுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

நாகஜோதி மேலாளரிடம் போய் அரைநாள் விடுப்பு கேட்டாள். என்ன காரணம் என்று அவர் கேட்டதற்கு, வீட்டில் ஒரு இறப்பு என்று அவள் வாயில் வந்துவிட்டது. அவர் பதறி எழுந்து எப்போது என்று கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாம்பன் பாலத்தில் ஏறும்போது எல்லாரும் கடலைப் பார்க்க எட்டி எட்டிக் குனிந்தார்கள். அவள் மடியில் இருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே படித்தாள்.

குடும்ப விவரம் என்று ஒரு தாள். மனைவி பெயருக்குக் கீழே, 1971 ஜூலை மாதத் தேதியிட்டு, வேறு மையில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மகள், நாகஜோதி. சேர்த்ததற்கு அத்தாட்சியாக ஓரத்தில் மருதுபாண்டியின் கையெழுத்து. தமிழில், கோணல்மாணலாக, ‘ம’வுக்கு மட்டும் பெரிய வால்.

எழுதப் பழகிய நாளிலிருந்து தன் பெயருக்கு முன்னால் அந்த ‘ம’வை அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். வேண்டா வெறுப்பாகத்தான்.

அதற்கு அடுத்த தாளைப் படித்தபோதுதான் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்தில் ஒரு மீன்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். காலுக்கடியில் இருந்த கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து நாகஜோதியின் மடியில் வைத்தாள். உச்சிப்புளியில் இறங்கும்போது பாட்டிலைத் திரும்ப வாங்காமலே போய்விட்டாள்.

ராமநாதபுரத்தில் பஸ் மாறி உட்கார்ந்தபோது ஜெயப்பிரியா கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் உடைந்தது. உடனே உற்சாகமும் வந்தது. தாத்தா ஒரு வீரர், இதை எல்லாரிடமும் சொல்ல வேண்டும், போட்டோவைப் போட்டு எழுதட்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனாள். நாகஜோதி இப்போது எதையும் போட வேண்டாம் என்றாள். அம்மாச்சிக்குச் சொல்லியாயிற்றா, அவர் எப்படித் தாங்குவார் என்று மகள் கேட்டாள். இப்போது சொல்லத்தான் போகிறேன் என்று நாகஜோதி சொன்னாள். கைநாட்டைப் பற்றி மகளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை.

கமுதியில் மினி பஸ் பிடித்து ஊருக்குள் இறங்கும்போது மணி நாலரை. மாசி கடைசி. வீட்டுக்கு முன்னால் தரையில் மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகிடந்தது. சோணையம்மாள் அதன் நடுவே குத்தவைத்து உட்கார்ந்து வெளுத்துப்போன சோடை மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும், வேலை நாளில் வந்திருக்கிறாளே என்று முகம் சுருங்கியது. பேத்திக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டாள்.

பிரியா நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, நாகஜோதி எதிரே உட்கார்ந்து பையிலிருந்து காக்கி உறையை எடுத்தாள்.

சோணையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் உறையில் இருந்த முத்திரையைப் பார்த்தாள். பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

“அவுகளப் பத்தியா?” என்றாள்.

நாகஜோதி ஒப்புகை அட்டையின் நகலைத் தாயின் முன்னால் வைத்தாள்.

“இது யாரு கைநாட்டு ஆத்தா?”

சோணையம்மாள் கொஞ்ச நேரம் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் இடது கைப் பெருவிரலை ஒருமுறை பார்த்தாள்.

“என்னுதுதான்” என்றாள்.

அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னதுதான். முதலில் தந்தி வந்தது. மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவளிடம் தபால்காரர் வாய்க்கால் வரப்பில் வைத்துப் படித்துச் சொன்னார். சுற்றிலும் யாரும் இல்லை. குழந்தை புங்க மரத்துத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அழ வாயைத் திறந்தவளுக்குத் தன் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் புருஷன் செத்தான். முப்பதாம் நாள் காரியம் கழிந்த மறு மாதம் அண்ணன்மார் அவளை அழைத்துப் போய், அறுத்துக்கட்டு என்று மறுதாலி கட்ட வைத்து, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வயசாளிக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். இரண்டு வயது மகனைப் புருஷன் வீட்டார் விடவில்லை. அது எங்க ரத்தம் என்றார்கள். அக்கா வருஷத்துக்கு ஒருமுறை, விறகு பொறுக்க வருகிற மாதிரி வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மகனைப் பார்த்துவிட்டுப் போவாள். அவன் அவளை யாரென்று கேட்டானாம்.

“எனக்கு இருபது வயசு. தந்தி விசயம் தெரிஞ்சா என்னயவும் கொண்டு போயிருவாக. உன்னய இங்கனயே போட்டுட்டுப் போகணும். தபால்காரரு காலுல விழுந்து சத்தியம் வாங்குனேன். அப்பறம் இந்தத் தபால் வந்தப்பவும் அவரேதான் காட்டுல வச்சுக் கைநாட்டு வாங்கிக்கிட்டாரு. புருசன் இருக்கவளை யாரும் வந்து கூப்பிட முடியாதுல்ல.”

பம்பாய்க் கதை எப்படி வந்தது என்று நாகஜோதி கேட்டாள். அது தானாக வந்தது என்றாள் ஆத்தா. யாரோ கிளப்பினார்கள். அது அவளுக்குத் தோதாக இருந்தது. ஓடிப்போனவன் என்றால் உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம்.

“ஊரே என்னய ஓடிப்போனவன் மகன்னு சொல்லுச்சு. நான் அழுதுக்கிட்டு வருவேன். நீ வாயத் தொறக்கல.”

“சொல்லிட்டுப் போறாக. நீ எங்கிட்ட இருந்தயே.”

“எனக்குக் கல்யாணம் முடிஞ்சு முப்பது வருசம் ஆச்சு ஆத்தா. அதுக்கப்பறமாவது சொல்லியிருக்கலாம்ல.”

சோணையம்மாள் பதில் தேடினாள். முதலில் உன் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று இருந்தது, பிறகு மாப்பிள்ளை போன துக்கத்தில் எப்படிச் சொல்ல என்று இருந்தது, அப்புறம் சொல்ல வரவில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

“நான் அவர வைஞ்சுக்கிட்டே வளந்தேன். ஒருநாள் கூட நல்லவிதமா நெனைக்கல. அவருக்கு ஒரு எள்ளுத் தண்ணி எறைக்கல. நான் இருக்கது ராமேஸ்வரத்துல ஆத்தா. எங்கெங்கயோ இருந்து வந்து செஞ்சிட்டுப் போறாக.”

“அத நான் நெனைக்கல” என்றாள் சோணையம்மாள்.

நாகஜோதிக்கு எழுந்து அடுத்த மினி பஸ்ஸில் போய்விடலாம் போல இருந்தது. போய்ப் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டால் அங்கேயும் யாரும் இல்லை. இங்கே இவளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். ஒரே ஆளின் சாவை வைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வீடு பூட்டித் திறந்துகொண்டிருந்திருக்கிறது.

கடைசியில் ஆத்தாதான் கேட்டாள். அந்தத் தாளில் வேறு என்ன எழுதியிருக்கிறது என்று.

நாகஜோதி முதல் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். உயரம் ஐந்தடி ஆறரை அங்குலம். மார்பு முப்பத்துமூன்று அங்குலம். எடை ஐம்பத்திரண்டு கிலோ. பட்டாளத்தில் சேர்ந்த அன்று எழுதியது. அங்க அடையாளம், வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

“கெடா முட்டுனது” என்றாள் சோணையம்மாள். “சின்னதுல.”

அவள் தலை நிமிரவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். எடையை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அம்புட்டுதானா என்றாள்.

பஸ்ஸில் தன்னை அழ வைத்த தாளுக்கு நாகஜோதி வந்து சேர்ந்தாள். அது ஒரு விடுப்பு விண்ணப்பம். டிசம்பர் 20 முதல் முப்பது நாள். காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை. நவம்பரில் அனுமதி கொடுத்து அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கு மேல் குறுக்கே ஒரு முத்திரை, ரத்து என்று. டிசம்பர் 4. சண்டை தொடங்கிய மறுநாள்.

சோணையம்மாள் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். நாகஜோதி திருப்பிக் கொடுத்தாள்.

“இருபதாந் தேதின்னா மார்கழி அஞ்சு” என்றாள். “வாரேன்னு எனக்கு எழுதல. நீ பொறந்ததுக்கு ஒரே ஒரு கடுதாசிதான் வந்துச்சு, பேரு போட்டு. அதோட சரி. பொட்டப் புள்ளைன்னு மனசு விட்டுப்போச்சோன்னு நெனச்சேன். இம்புட்டு நாளும் அப்படித்தான் நெனச்சேன்.”

திடீரென்று வந்து நிற்கலாம் என்று இருந்திருப்பார் என்று நாகஜோதி சொன்னாள். தாய்க்கும் மகளுக்கும் அவர் மேல் ஆளுக்கொரு வருத்தம் இருந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.

பிறகு அவள் கடைசியாக அந்த இன்லேண்ட் கடிதத்தை எடுத்தாள். இது யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாள். ஊரில் யாராவது எழுதியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்குமே.

சோணையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளூர் ஆள் இல்லை என்றாள். முஹைதீன் என்று பெயர். தொண்டிக்காரர். மருதுபாண்டியோடு ஒரே கம்பெனியில் இருந்தவர், அன்றைக்குப் பக்கத்திலேயே இருந்தவர். சண்டை முடிந்து லீவில் வந்ததும் சொந்த வீட்டுக்குக்கூடப் போகாமல், இடது கையில் கட்டோடு, நேரே இவளைத் தேடி மிளகாய்க் காட்டுக்கு வந்துவிட்டார். எப்படி நடந்தது என்று சொல்ல வாயெடுத்தார். இவள் சொல்ல விடவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னாள். அவர் முடியாது என்றார். குழந்தையைக் காட்டி விவரத்தைச் சொன்னதும் வரப்பில் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடிக்கும் வரை அழுதார்.

“ஏன் சொல்ல விடல ஆத்தா?”

“கேட்டா அழுதுருவேன். அழுதா ஊருக்குத் தெரிஞ்சிரும்.”

போகும்போது அவர் சொன்னாராம்: என்றைக்குக் கேட்கத் தோன்றுகிறதோ அன்றைக்கு வாங்க தங்கச்சி, தொண்டியில்தான் இருப்பேன், யாரைக் கேட்டாலும் வீட்டைச் சொல்வார்கள் என்று. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இவளும் போகவில்லை.

அவருக்கு இப்போது எண்பதை ஒட்டி இருக்கும் என்று நாகஜோதி கணக்குப் போட்டாள். இருக்கிறாரோ இல்லையோ என்றாள்.

சோணையம்மாள் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. விடுப்புத் தாளை மடியில் வைத்து, முத்திரை குத்தியிருந்த இடத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள், அது அழிந்து போகும் என்பது போல.

“இப்பக் கேக்கணும் ஜோதி” என்றாள். “எனக்குக் கேக்கணும்.”

சொல்லும்போதே குரல் கிளம்பிவிட்டது. முதலில் அது அழுகை மாதிரி இல்லை. இருமல் மாதிரி இருந்தது. பிறகு அவள் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, மிளகாயின் மேலேயே சாய்ந்து, பெருங்குரலெடுத்து அழுதாள். அவள் அழுது நாகஜோதி ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்தில் போய்த் தாயின் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நாற்பது வருஷத்தில் அவளை அப்படித் தொட்டதில்லை.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி ஈரக் கையோடு ஓடி வந்தாள். தெருமுனையில் நின்றவர்களும் வந்துவிட்டார்கள். யாருக்கு என்ன ஆயிற்று, பேத்திக்கா, சம்பந்தி வீட்டிலா என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள்.

“எங்கய்யா செத்துப் போயிட்டாரு” என்றாள் நாகஜோதி.

பம்பாயிலிருந்து தகவல் வந்ததா என்று ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார்.

பம்பாய் இல்லை, எழுபத்தொன்றில், சண்டையில் என்று அவள் நிமிர்ந்து சொன்னாள். அவர் பேரை முழுதாகச் சொல்லிச் சொன்னாள்.

கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். “எப்படித்தா?” என்றார்.

அதற்கு நாகஜோதியிடம் பதில் இல்லை. தாள்களிலும் இல்லை. பதில் தெரிந்தவர் தொண்டியில் இருந்தார். இன்னும் இருக்கிறாரா என்பது, நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆத்தாவும் அவளும் போய் இறங்கினால்தான் தெரியும்.